அறைந்த கையும் நாற்பது காமிக்ஸும்

1

போன வருடம் இதே மார்ச் மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் இனியாவை அறைந்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. காரணம் ஒரு காமிக்ஸ் புத்தகம்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற பலர், "பெத்த புள்ளைய அறையறதெல்லாம் ஒரு சேதியா? அதுக்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் அந்த ஊர்தான். அடியாத மாடு படியாது, அடிக்கிற கைதான் அணைக்கும், அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அடிக்கு நம்மிடம் உள்ள பழமொழிகளை எண்ணினால் சோற்றுக்குக்கூட அத்தனை இருக்காது. ஜலகண்டாபுரத்தில் என்னை ஆறாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்கு அப்பா வாத்தியாரிடம் சொன்னது இதுதான்: "கண்ணு ரெண்டையும் உட்டுப்போட்டு மிச்சத்தத் தோல உரிச்சுருங்க சார்." வாத்தியாரும் சொன்ன சொல் தவறாமல் நடந்துகொண்டார்.

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் பனியைப் பற்றி எழுதுவான், இட்லிமாவு புளிக்காததைப் பற்றி எழுதுவான். எனக்கும் எழுத ஆசைதான். ஆனால் இந்த ஒரு வருடத்தில் எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தச் சனிக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

2

பெல்ஜியத்தில் கென்ட் என்ற ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். தறி எந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. காலையில் மழை, சைக்கிள், ஆலை. சாயங்காலம் மழை, சைக்கிள், வீடு. வீட்டின் பின்னறையில் மூன்று சுவர்களிலும் கூரை வரைக்கும் பலகை அடித்து நானே ஒரு நூலகம் கட்டியிருக்கிறேன். முழுக்கக் காமிக்ஸ். என் மனைவி கோமதி திருச்செங்கோட்டுக்காரி. அவள் அதற்கு வைத்த பெயர் "உங்க சம்சாரத்து ஊடு".

இந்த நாட்டில் காமிக்ஸுக்குத் தனி மரியாதை உண்டு. தெருச்சுவரில் பெரிதாக வரைந்து வைத்திருப்பார்கள். கோட்டுப் போட்ட கிழவர் டிராமில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் படிப்பார். நாம் சின்ன வயதில் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த குதிரைவீரர்களும் துப்பறிவாளர்களும் பலர் இந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்று இங்கே வந்த பிறகுதான் கண்டுகொண்டேன். அவர்கள் இங்கே கெட்டி அட்டையில், பெரிய தாளில், முழு வண்ணத்தில் பிறந்தவர்கள். சேலம் பஸ் நிலையக் கடைக்கு வந்து சேர்வதற்குள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, வண்ணம் போய், சாணித்தாளில் கறுப்பு மையாகிவிட்டார்கள்.

அது எப்படி நடந்தது என்று தோண்டுவதுதான் என் பொழுதுபோக்கு. தமிழ்ப் புத்தகத்தில் வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போய், கைப்பேசியில் தமிழ்ப் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து தேடுவேன். மூலம் கிடைத்தால் இரண்டையும் அக்கம்பக்கமாக அடுக்குவேன். என்னுடைய நூலகத்தின் வரிசையே அதுதான்: ஒரு தமிழ், பக்கத்தில் அதன் மூலம். ஒப்பிட்டுப் பார்த்தால் நல்ல வேடிக்கையாக இருக்கும். மூலத்தின் பேச்சுக் குமிழ்களை வெள்ளை பூசி அழித்துவிட்டு அதன்மேல் தமிழை எழுதியிருப்பார்கள். நம் சொற்கள் நீளமென்பதால் கடைசி வரி குமிழின் ஓரத்தில் மூச்சுத் திணறும். பக்கம் போதவில்லை என்றால் நான்கு படங்களை வெட்டி வீசிவிடுவார்கள். கதாநாயகிக்கு மையால் ரவிக்கை தைத்துப் போட்டிருப்பார்கள். முத்தத்தின் மேல் கறுப்பு பூசுவார்கள். தலையைச் சீவுவது, தூக்கில் தொங்கவிடுவது, வயிற்றில் கத்தி இறக்குவது எல்லாம் அப்படியே, ஒரு கீறல்கூடக் குறையாமல் இருக்கும்.

இந்த நூலகத்தை நான் ஆரம்பித்ததே நாற்பது புத்தகங்களைத் திரும்பச் சேர்ப்பதற்காகத்தான். அந்த நாற்பதும் என்னிடம் ஒரு காலத்தில் இருந்தவை.

3

அப்பாவுக்கு டிசைன் அட்டை அடிக்கிற வேலை. ஜக்கார்டு தறியில் சேலைக் கரையில் அன்னமோ மயிலோ வரவேண்டுமென்றால் அதற்குத் துளை போட்ட நீள அட்டைகள் வேண்டும். இரும்புத் தகட்டுக்கு அடியில் அட்டையை வைத்து, துளை போடுகிற பஞ்சு உளியை நிறுத்தி, மரக் கொட்டாப்புளியால் ஒரே போடு. ஒரு துளை தப்பினாலும் கரையில் பூ கோணிக்கொள்ளும். அப்பாவின் கை தப்பாது. அடித்த அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கிவைப்பார். எண் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அடுக்குதான் எண்.

எனக்குப் பன்னிரண்டு வயது. என்னிடம் நாற்பது காமிக்ஸ் சேர்ந்திருந்தன. ஊசிபோட்ட இடம் துருப்பிடித்து மேலட்டைகள் கழன்றுகொண்டிருந்தன. பரணில் கெட்டியான அட்டைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. பழசு, வேண்டாததென்று நினைத்தேன். முழுக்க அப்படி நினைத்தேன் என்று சொன்னால் பொய். மேலிருந்து எடுத்தால் தெரிந்துவிடும் என்று நடுவிலிருந்து நாற்பது அட்டைகளை உருவினேன். பாதியாக வெட்டி ஒவ்வொரு புத்தகத்துக்கும் மேலட்டையின் உள்பக்கம், முன்னும் பின்னும் பசை போட்டு ஒட்டினேன். துளைத் துளையாக, பார்க்க அழகாகவே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, அந்த அடுக்கை அப்பாவிடம் வாங்கிப்போய்த் தறியில் மாட்டிய தறிக்காரர் ஒருவர் ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று கத்தினார்.

"ஏய்யா, அன்னத்துக்குக் கழுத்து எங்கய்யா? இருபது சேல ஓடிப்போச்சு! கழுத்தறுத்த அன்னத்த எவ ஊட்டுக் கலியாணத்துக்குய்யா கட்டுவா?"

அப்பா வெளியே போய்ச் சேலையை வாங்கிப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் தறிக்காரர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். தெருவே பார்த்தது. அப்பா திருப்பி அடிக்கவில்லை. உள்ளே வந்து பரண் ஏறி, மிச்சமிருந்த அடுக்குகளைப் பார்த்தார். பிறகு என் பெட்டியைத் திறந்தார். அவர் அடித்த துளைகளை அவருக்கு அடையாளம் தெரியாதா?

"நடூலருந்து எடுத்தியாடா?" அவ்வளவுதான் கேட்டார்.

கொட்டாப்புளிக் காம்பால் அடித்தார். தடுக்கப் போன இடதுகையில் சுண்டுவிரல் முறிந்தது. நான் மூலையில் ஒடுங்கிக் கிடக்க, அவர் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாகத் தகட்டுக்கடியில் வைத்து உளியை நிறுத்தினார். வேகமில்லை, கோபம்கூட இருந்த மாதிரி தெரியவில்லை. அட்டைப் படத்தில் கதாநாயகனின் முகம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு போடு. உள்ளே தாள்களோடு சேர்த்து வட்டம் வட்டமாகக் கண்ணும் மூக்கும் தரையில் உதிர்ந்தன. நாற்பதையும் முடித்த பிறகுதான் எழுந்தார். அம்மா தறிவேலையிலிருந்து வந்து அந்தத் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள்.

அந்தக் கையை அன்றைக்கு வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

4

நாற்பதில் முப்பத்தொன்பது சேர்ந்துவிட்டன. கடைசி ஒன்றைப் பன்னிரண்டு வருடம் தேடினேன். ஓமலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர் வீட்டுக்குப் போய் நிற்பேன். "குடுக்கறதுக்கா வெச்சிருக்கறேன் தம்பி? டீ குடிச்சுப்போட்டுப் போங்க" என்பார். போன முறைக்கு முந்தைய முறை கண் மங்கிவிட்டது என்று சொல்லி, அவரே கையில் கொடுத்தார். அதைப் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை பின்னறைக்குள் போனேன். இனியா முக்காலியில் உட்கார்ந்து மேசைமேல் குனிந்திருந்தாள். அந்தப் புத்தகம் விரிந்து கிடந்தது. பேச்சுக் குமிழ்களின் மேலெல்லாம் வெள்ளைத் திருத்த நாடாவை ஒட்டி, நீலப் பேனாவால் டச்சு மொழியில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதிப் புத்தகம் முடிந்திருந்தது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுக்குப் படிக்கத் தெரியாததை அழித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "அப்பா, இங்க பாருங்..."

முழுக்கையையும் வீசி அறைந்தேன். முக்காலியோடு சரிந்தாள். அலமாரிப் பலகையின் முனை இடதுபுருவத்தில் பட்டுப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இதை இத்தோடு நிறுத்திவிடத்தான் எனக்கு ஆசை. நான் நிறுத்தவில்லை. கீழே கிடந்தவளைக் குனிந்து, அந்தப் புத்தகத்தையே சுருட்டி, காதோடு சேர்த்து இன்னொரு அடி அடித்தேன். அவள் சத்தமே போடவில்லை. எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

கோமதி ஓடிவந்தபோது நான் புத்தகத்தை நீவிக்கொண்டிருந்தேன். பிள்ளையைத் தூக்கவில்லை, புத்தகத்தை நீவிக்கொண்டிருந்தேன்.

அவள் இனியாவை அள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்கப்பன் கை அப்படியே உங்களுக்கு வந்துருச்சுங்க" என்றாள். கத்தவில்லை. 'ங்க'வைக்கூட விடவில்லை.

மூன்று தையல்.

5

திங்கட்கிழமை பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். இனியா, "முக்காலியிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். காதுக்குப் பின்னால் இருந்த வீக்கத்தை டீச்சர் பார்த்துவிட்டார். முக்காலியிலிருந்து விழுந்தால் இரண்டு பக்கமுமா அடிபடும்? குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை நான் வீட்டில் தங்கக்கூடாது. உடன் வேலை செய்பவர் ஒருவரின் மாடியறையில் ஒண்டிக்கொண்டேன். அலுவலகத்தார் கோமதியிடம் கேட்டபோது, "ரத்தம் வந்தப்பறந்தான் நான் பாத்தனுங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அடி விழுந்ததை நேரில் கண்டவர்கள் இரண்டு பேர்தான், நானும் இனியாவும்.

விசாரணைக்கு முந்தின நாள் மதியம் அப்பா கைப்பேசியில் கூப்பிட்டார். இப்போது எழுபத்தெட்டு வயது, ஜலகண்டாபுரத்தில்தான் இருக்கிறார். படத்தில் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"ஏன் சாமி, எவன் ஊட்லயோ இருக்கறயாமா? கோமதி சொன்னா."

"புள்ளைய அடிச்சுட்டங்கப்பா."

"அதுக்கு ஊட்ட உட்டா தொரத்துவாங்க? என்ன நாடுடா அது? நா ஒருநா உன்னய அடிச்சிருப்பனா?"

கோணிப்போன சுண்டுவிரலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினேன்.

"இது என்னங்கப்பா?"

"அது நீ பரண்லருந்து உழுந்தது. உங்கம்மா மாவுக்கட்டுப் போட சேலத்துக்கு, அஸ்தம்பட்டிக்கில்ல கூட்டிட்டுப் போனா?"

"புத்தகம்? நாப்பது புத்தகத்துல ஓட்ட போட்டீங்களே?"

"புத்தகத்துல எதுக்குடா ஓட்ட போடறேன்? அட்டையில போட்டாக் கூலி வரும்." சிரித்தார். "கத கட்டாதரா சாமி. நெசமாலும் எனக்கு அப்படியொண்ணும் நாவகமில்ல."

பொய் சொல்லவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியும். அவருக்கு அது நடக்கவே இல்லை. என் விரலை முறித்த மதியத்தை வெள்ளை பூசி, அதன்மேல் 'விழுந்தான்' என்று எழுதிவைத்து, அதையே முப்பத்தைந்து வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். இனியாவும் விழுந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறக்காவிட்டால் இன்னும் முப்பது வருடத்தில் எனக்கும் அது அப்படித்தான் நடந்திருக்கும்.

6

அலுவலகத்தில் என் டச்சு போதாதோ என்று மொழிபெயர்ப்பாளரை வரவழைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும். வெளியே நாற்காலியில் காத்திருக்கும்போதே என் தோளைத் தட்டி, "யோசியாதேங்கோ தம்பி. எத்தினை கேஸ் பாத்திட்டன். நீங்கள் சொல்லுறதை நான் வடிவாச் சொல்லுவன்" என்றார். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. பெயர் லிஸ்பெத். என்ன நடந்தது என்று கேட்டார். நான் தமிழில், "கோவத்துல அறைஞ்சேன், அவ விழுந்தா" என்றேன். மொழிபெயர்ப்பாளர் டச்சில் சொன்னார்: 'கண்டிப்பதற்காகக் கன்னத்தில் தொட்டார், பிள்ளை தடுமாறி விழுந்தது, அவர்கள் பண்பாட்டில் இது பாசத்தின் அடையாளம்.' லிஸ்பெத் அதை எழுதிக்கொண்டார். அவர் முகம் தளர்ந்தது. எனக்கு அத்தனையும் புரிந்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு டச்சுகூடத் தெரியாமலா போகும்?

என் மகள் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். முன்பின் தெரியாத மனிதர் எனக்காக இன்னொன்று சொல்கிறார். நான் செய்யவேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவதுதான். ஆட்டினால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். ஆட்டிவிடத்தான் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்லை" என்று டச்சில் சொன்னேன். "இவர் சொன்னது சரியில்லை. நான் தொடவில்லை, அடித்தேன். முழுக்கையால். அவள் விழுந்த பிறகு இரண்டாம் முறை அடித்தேன். தரையில் கிடக்கும்போது. புத்தகத்தைச் சுருட்டி. அவள் முக்காலியிலிருந்து விழவில்லை."

என் டச்சில் இலக்கணம் தாறுமாறாகத்தான் இருந்திருக்கும். மொழிபெயர்ப்பாளர், "என்ன தம்பி செய்யிறியள்" என்று மெல்லச் சொன்னார். லிஸ்பெத் எழுதியதை அடித்துவிட்டு, புதிய தாளை எடுத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தார். இனியா பள்ளிக்கு எடுத்துப் போயிருந்தாளாம், அங்கிருந்து இவரிடம் வந்திருக்கிறது. வகுப்பில் காமிக்ஸ் வாரம். வீட்டு மொழியில் உள்ள ஒரு புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வகுப்பில் யாருக்கும் புரியாதே என்றுதான் அவள் டச்சில் எழுதியிருக்கிறாள். "அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, எப்படி எழுதினாள்?" என்று லிஸ்பெத் கேட்டார்.

பக்கங்களைப் புரட்டினேன். அந்தச் சனிக்கிழமை நான் ஒரு குமிழைக்கூடப் படித்திருக்கவில்லை. வில்லன் குதிரையில் தப்பிக்கும் படத்தில், "ஓமலூர் பஸ்ஸைப் பிடித்து ஓடிப்போ" என்று டச்சில் இருந்தது. துப்பாக்கியை நீட்டுகிறவன், "ஏனுங்க, கையைத் தூக்குங்க" என்று மரியாதையாகச் சொன்னான். அந்த 'ஏனுங்க' மட்டும் டச்சு எழுத்தில் அப்படியே இருந்தது. அந்த வசனங்கள் தமிழ்ப் புத்தகத்தில் கிடையாது, மூலத்திலும் கிடையாது. அவளைச் சிரிக்கவைப்பதற்காக, படித்துக் காட்டும்போது நானாகச் சேர்த்துக்கொண்டவை. ஒரு வரி விடாமல் மனதில் வைத்திருந்திருக்கிறாள்.

லிஸ்பெத் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். அந்த இடத்தில் நான் அழுதது மூக்கொழுகிய அழுகை.

7

ஐந்து மாதம் வெளியே இருந்தேன். வாரம் ஒருமுறை, பொம்மைகள் நிறைந்த ஓர் அறையில், ஒரு அலுவலர் உட்கார்ந்திருக்க, இனியாவைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைகளில் கோபக்கார ஆண்கள் பன்னிரண்டு பேரோடு வட்டமாக உட்கார்ந்து, கை எழும்பும் முன் உடம்பில் என்ன நடக்கிறது என்று பேசினேன். ஒவ்வொருவனும் தன் அப்பாவில்தான் ஆரம்பித்தான். நானும்தான். வகுப்பை நடத்துகிறவர் ஒருநாள் சலித்துப்போய், "அப்பாக்கள் போதும், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தேன். கோமதி சோறு போட்டாள். அதிகம் பேசவில்லை. இனியா நன்றாகப் பேசினாள், பள்ளிக் கதை சொன்னாள், சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். மனிதனுக்கு அவ்வளவு அவசரம்.

இரண்டாம் வாரம் பின்னறையில் இருவரும் இருந்தோம். "அப்பா, மேல அந்தச் சிவப்பு அட்டை எடுத்துக் குடுங்க" என்றாள். கடைசித் தட்டு. எட்டி எடுப்பதற்காக வலதுகையைத் தூக்கினேன். பின்னால் அவள் தண்ணீர் டம்ளர் தரையில் விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள்.

நான் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று கைகளை எடுத்து, முடியைச் சரிசெய்வதுபோல் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். எனக்கு வலிக்கக்கூடாதென்று. "கை வழுக்கிருச்சுப்பா" என்றாள்.

அன்றைக்கே மேல்தட்டுகளைக் காலி செய்தேன். முக்காலியில் ஏறி, அவள் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு கட்டாக இறக்கினேன். தமிழ், பக்கத்தில் மூலம் என்ற வரிசையெல்லாம் கலைந்துவிட்டது. இப்போது என் இடுப்புக்கு மேலே ஒரு புத்தகம்கூட இல்லை. இடம் போதாமல் தரையோடு சுவரோரமாக அடுக்கியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், மேலே இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று கேட்கிறார்கள். நான் காரணத்தைச் சொல்கிறேன். சிலர் மறுபடி வருவதில்லை.

புத்தகம் எடுக்கவேண்டுமென்றால் தரையில் உட்கார்ந்துதான் எடுக்கவேண்டும். ஞாயிறு மதியங்களில் நான் உட்கார்ந்து படிக்கும்போது இனியாவும் வந்து உட்காருகிறாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்காருகிறாள். நான் நகர்வதில்லை.